சுவருக்குள் போகும் செலவு

மார்கழி பிறந்துவிட்டால் வைகறைக்கு முன்பே எழுந்து நீராடி, திருப்பாவை ஓதிக்கொண்டு கோதை நாச்சியாரின் சந்நிதிக்குச் செல்லும் வழக்கம் இன்னும் அற்றுப்போகாத ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டு தெற்கே பேருந்தில் சென்றால் அரை மணி நேரத்தில் இராஜபாளையம் வந்துவிடும். அந்த இராஜபாளையத்தில் இப்போது புதிதாக எழும் வீடுகள் சிலவற்றில், குளியலறையிலேயே பெரிய தொட்டி ஒன்றைப் பதித்து, அதில் நிறைந்த நீரை மின்சாரத்தால் சூடாக்கி, கழுத்தளவு அமிழ்ந்து உட்காரும் ஏற்பாடும் நுழைந்திருக்கிறது. இரண்டு ஊர்களையும் இரண்டு நீராட்டங்களையும் ஒருசேர எண்ணிப் பார்க்கிறவனுக்கு ஒரு பழைய சந்தேகம் புதிய உருவத்தில் வந்து நிற்கும். தேக சுகத்துக்காக மனிதன் செய்கிற செலவை தர்மத்தின் ஏட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வைராக்கியம் பேசுவோரிடம் இதற்குத் தயாராக ஒரு விடை உண்டு. ஆண்டாள் பனியில் எழுந்து குளிர்ந்த நீரில் ஆடினாள்; நாம் வெந்நீரில் ஊறிக் கிடக்கிறோம்; ஆகவே நாம் தாழ்ந்துவிட்டோம் என்பார்கள். இந்த விடையில் பக்தி இருக்கிறதே தவிர, திருப்பாவையை நிதானமாகப் படித்த அடையாளம் இல்லை. இரண்டாம் பாசுரத்திலே நெய்யும் வேண்டாம், பாலும் வேண்டாம், கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் வேண்டாம் என்று நோன்பின் விலக்குகளைச் சொல்லித் தொடங்குகிற அந்தப் பெண்பிள்ளையே, இருபத்தேழாம் பாசுரத்துக்கு வந்து சேரும்போது வளையும் தோடும் பாடகமும் புத்தாடையும் கேட்டு, முழங்கை வழியாக நெய் வழியும்படி பாற்சோற்றை எல்லோரும் கூடியிருந்து உண்ண வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அந்த ஆசையைத்தான் ஊர்தோறும் கூடாரவல்லி என்று அக்காரவடிசல் வைத்துக் கொண்டாடுகிறோம். விட்டதையெல்லாம் திரும்பப் பெறுகிற நோன்பு சுகத்தைப் பகைத்த நோன்பாக இருக்க முடியாது. மூன்றாம் பாசுரத்திலோ, தாங்கள் நீராடினால் நாடெங்கும் திங்கள்தோறும் மும்முறை மழை பெய்யும், நெல் ஓங்கி வளரும், பசுக்கள் குடங்களை நிறைக்கும் என்று பலன் சொல்லப்படுகிறது. நீராடுவது சில சிறுமியர்; மழை பெறுவது நாடு. நீராட்டத்தை பகவானோடு கலந்து அனுபவிப்பதாகவே வியாக்கியானம் செய்த ஆசாரியர்களும், அந்த அனுபவம் ஒருத்தி தனியே நுகர்வதன்று, தோழியரை எழுப்பி உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பெறுவது என்பதை மறவாமல் வற்புறுத்தினார்கள். வாசல் வாசலாக நின்று உறங்குகிறவளை எழுப்பும் அத்தனை பாசுரங்களும் வேறு எதற்காக?

(குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மார்கழி விடியலில் கிணற்று நீரை வாளியால் இறைத்து ஊற்றிக்கொண்டவர்கள் அறிவார்கள். வெளிக்காற்று நடுக்கும்போது நிலத்தடி நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பும் ஏறிய பின்பும்தான் தவம்.)

கோவிலின் சம்பிரதாயமும் இதற்கு அனுசரணையாகவே இருக்கிறது. தைப் பிறப்பை ஒட்டி முடிகிற மார்கழி நீராட்டு உற்சவத்தில் ஆண்டாள் திருமுக்குளத்துக்கு எழுந்தருளுகிறாள். அங்கே எண்ணெய்க்காப்பு மண்டபத்தில், நல்லெண்ணெயோடு பசும்பாலும் மூலிகைகளும் சேர்த்துப் பல நாள் காய்ச்சி இறக்கிய தைலம் அவளுக்குச் சாத்தப்படுகிறது. ஒரு பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்து நீராட்டுவதில் என்னென்ன பரிவு காட்டுவார்களோ, அத்தனையும் அங்கே காட்டப்படுகிறது. பிறகு அந்தத் தைலம் பிரசாதமாகப் பக்தர்களின் கைக்கு வருகிறது. மூட்டு வலிக்கு நல்லதென்று வாங்கிப் போகிறவர்களும் உண்டு. தேவிக்கு உகந்த சுகம் மனிதனுக்கு மட்டும் பாவமாகிவிடுமா என்றால், தேவிக்கு ஊற்றிய எண்ணெய் ஊருக்குத் திரும்பி வந்தது; நம்முடைய சுகம் யாருக்குத் திரும்புகிறது என்று எதிர்க்கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வியைச் சற்று நேரம் அப்படியே வைத்துவிட்டு இராஜபாளையத்துக்குப் போவோம்.

1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர் அது. 1944-ல் பாபநாசத்தில் தாமிரபரணியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பிறகு தென்பாண்டி நாட்டின் பல ஊர்களில் விளக்கும் பம்புசெட்டும் பெருகின காலத்தைக் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். உழைத்துச் சேர்த்ததை வீட்டிலும் கோவிலிலும் பள்ளிக்கூடத்திலும் போடுகிற ஊர். அங்கே மலையடிவாரத்தை நோக்கிய தெரு ஒன்றில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் நண்பர் ஒருவர், முழங்கால் வலியால் படியேறவும் சிரமப்படுகிற தம் தாயாருக்காக வெந்நீர்த் தொட்டி ஒன்றை வரவழைத்தார். ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி. விலை ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய். அதன் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆயிற்றென்றும், விலையில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கத் தோன்றவில்லையென்றும் அவரே சொன்னார். பேரம் தொடங்கியது வயர்மேன் எஸ்டிமேட் கொண்டுவந்த அன்றைக்குத்தான்.

அந்த எஸ்டிமேட்டை நானும் பார்த்தேன். சிமெண்டுக் கறை படிந்த நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தது: மெயின் போர்டிலிருந்து குளியலறை வரைக்கும் ஆறு ஸ்கொயர் காப்பர் வயர், அதற்கென்றே தனி பிரேக்கர், முப்பது மில்லி ஆர்.சி.சி.பி. ஒன்று, தண்ணீர் படாத பெட்டி, புதிதாக ஓர் எர்த் குழி, அதற்குக் குழாயும் கரியும் உப்பும், சுவர் வெட்டிப் பூசக் கூலி. மொத்தம் நாற்பதாயிரத்தைத் தொட்டது. தொட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் நண்பருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்குதான் உறுத்தியது. எர்த் குழியின் மேல் விரலை வைத்து, "வீட்டுக்கு எர்த் இருக்கே தம்பி, இன்னொரு குழி எதுக்கு?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. பழைய வீடு இருந்த காலத்துல போட்டது. சித்திரை வைகாசியில அதுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துனது யாரு?"

நண்பர் பேசவில்லை. மலையடிவாரத்துச் சரளை மண் கோடையில் வறண்டுபோனால், குழியிலிருக்கும் குழாய் பூமியோடு தொடர்பு இருப்பதாகப் பெயரளவில் நிற்குமே ஒழிய, கசிகிற மின்சாரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளாது. ஈரம் இருக்கும்வரைதான் அந்தச் சேர்மானம் உயிரோடிருக்கும். இதை அந்த இளைஞன் எந்தப் புத்தகத்திலும் படித்ததாகத் தெரியவில்லை. குழி தோண்டித் தெரிந்துகொண்டிருக்கிறான். நண்பர் அடுத்தபடியாக ஆர்.சி.சி.பி.யின் மேல் விரலை நகர்த்தியபோது, "அண்ணாச்சி, பிரேக்கர் வயரைக் காப்பாத்தும், இதுதான் ஆளைக் காப்பாத்தும். இதைத் தவிர வேற எதைச் சொன்னாலும் தட்டிக் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

அவன் சொன்னது முற்றிலும் சரி. பிரேக்கர் என்பது சுமை மிஞ்சி வயர் சூடேறித் தீப்பற்றாமல் தடுக்கும் சாதனம். ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான மின்சாரம் அதன் கண்ணுக்கு ஒரு பொருட்டே அல்ல. மூன்று கிலோவாட் ஹீட்டர் பதின்மூன்று ஆம்பியர் இழுக்கும்போது பேசாமல் இருக்கிற அது, நனைந்த உடம்பின் வழியே ஓர் ஆம்பியரில் ஒரு சிறு பகுதி ஓடினால் எப்படிக் கவனிக்கும்? ஆர்.சி.சி.பி.யின் வேலை வேறு. ஒரு கம்பியில் போன மின்சாரமும் மறு கம்பியில் திரும்பிய மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கும். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு அளவுக்குத் துண்டு விழுந்தால், அந்த மின்சாரம் வேறு ஏதோ வழியாகப் பூமிக்குப் போகிறதென்று கொண்டு, ஒரு வினாடியின் பத்தில் மூன்று பங்குக்குள் இணைப்பை அறுத்துவிடும். அதனோடு நல்ல எர்த்தும் சேர்ந்திருந்தால், ஹீட்டரில் கசிவு உண்டான அந்தக் கணமே, ஒருவர் தொடுவதற்கு முன்பே அறுபடும். எர்த் இல்லாவிட்டால், தொட்ட பிறகுதான் அறுபடும். கசிவுக்கு வழியாக அமைவது தொட்டவரின் உடம்பு.

இங்கேதான் நம் விசாரணை தத்துவத்துக்குள் வந்து சேர்கிறது. தொட்டியும் சலவைக்கல்லும் பளபளக்கும் குழாயும் பிரத்தியட்சமானவை. வந்தவர் பார்ப்பார், வியப்பார். வயரும் எர்த்தும் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய் மறைந்துவிடும். அவை தம் கடமையைச் சரிவரச் செய்யும்வரை அவை இருப்பதே யாருக்கும் நினைவிராது. கண்டதற்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதும், காணாததற்கு ரூபாய்க்கு ரூபாய் வாதாடுவதும் மனித சுபாவம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அப்படி வாதாடிக் குறைத்த பணத்தின் அபாயம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் சுபாவம் என்று சொல்லிக் கடந்துவிட முடியவில்லை. தொட்டியில் உட்கார்ந்து சுகப்படுகிறவர் அதில் இருப்பது ஒரு நாளில் அரை மணி நேரம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தேய்த்துக் கழுவுகிற பெண்மணியும், பழுது பார்க்க வரும் தொழிலாளியும், ஒளிந்து விளையாட உள்ளே புகும் குழந்தையும்தான் அதன் உலோகப் பகுதிகளை அடிக்கடி தொடுகிறவர்கள். சுகம் ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்று பிரிந்துபோகும் இடத்தில் அதர்மம் புகுகிறது. நீர் சூடாக இருந்ததனால் புகவில்லை. பூமியில் புதைத்த அந்தக் குழாய்க்கும் சுவரில் ஒளிந்த அந்தப் பெட்டிக்கும் கொடுக்கிற பணம், முகம் தெரியாத ஒருவருக்காக முன்கூட்டிச் செய்கிற தானம் என்பது என் அபிப்பிராயம். அதைப் பெற்றவர் பெற்றோம் என்று அறியப்போவதில்லை. கொடுத்தவரும் காப்பாற்றினோம் என்று என்றைக்கும் அறியப்போவதில்லை. பெயர் பொறித்த டியூப்லைட்டைக் கோவிலுக்கு உபயம் செய்கிற நமக்கு இந்த வகைத் தானம் சற்றுக் கசப்பாகத்தான் இருக்கும்.

ஆடம்பரத்தைக் கண்டித்த பெரியோர்களும் கண்ணுக்குத் தெரிந்ததைக் கண்டித்த அளவுக்குத் தெரியாததைப் பேசியதில்லை. ரோமாபுரியின் செனெக்கா, லிட்டர்னத்தில் பழைய சேனாபதி ஸிப்பியோ வாழ்ந்த மாளிகையில் தங்கியிருந்தபோது எழுதிய கடிதத்தில், வயலில் உழைத்துக் களைத்த அந்த மகாவீரன் குளித்த அறை எவ்வளவு குறுகலும் இருட்டுமாக இருக்கிறதென்று வியந்து, தம் காலத்தவர்களோ சுவரெங்கும் கண்ணாடியும் வெள்ளிக்குழாயும் இல்லாவிட்டால் தங்களைத் தரித்திரர் என்று நினைத்துக்கொள்கிறார்களே என்று இடித்துரைக்கிறார். நியாயமான கண்டனம். ஆனால் அந்தக் கண்ணாடிச் சுவருக்குக் கீழே, தரையைச் சூடாக்க நெருப்பின் முன் நின்று விறகு தள்ளிய அடிமைகளைக் குறித்து நாமாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இராஜபாளையத்தில் நின்றுகொண்டு எளிமையைப் பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சென்னை இராஜதானியின் முதலமைச்சராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்கென்று கொடுத்துவிட்டவர். அவர் வழியில் நின்று ஒருவர், தொட்டியே எதற்கு, ஒரு வாளி வெந்நீர் போதாதா என்று கேட்டால் அதற்குக் காது கொடுக்கத்தான் வேண்டும். கணக்கும் அவர் பக்கம்தான் பேசுகிறது. ஆயிரம் லிட்டர் நீரைப் பன்னிரண்டு டிகிரி சூடேற்றப் பதினான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். மூன்று கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு மாதத்துக்கு வீட்டுக்கு இனாமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டும் ஏழு முறை புதிதாக நிரப்பிச் சூடேற்றினால் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இருபது லிட்டர் வாளி என்று வைத்துக்கொண்டால் இது ஐம்பது வாளி நீர். அய்யனார் கோவில் ஆற்றில் கோடையில் நீர் இறங்கிவிட்டால் குழாயில் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களோடு காத்திருக்கும் தெருக்கள் அதே ஊரில் உண்டு.

ஆயினும் எளிமை எல்லோருக்கும் ஒரே அளவினதாக இருக்க முடியாது என்பதை, எளிமையையே தர்மமாகக் கொண்ட சங்கம் ஒன்று வெகு காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. வைசாலியில் இல்லறத்தார் அளித்த வளமான உணவால் பிக்ஷுக்கள் நோயுற்றபோது, வைத்தியர் ஜீவகர் புத்தர்பிரானிடம் விண்ணப்பித்து, உலாவுவதற்கு நடைபாதையும் உடல் வியர்க்கச் சூட்டுக் குளியலறையும் அவர்களுக்கு அனுமதிக்கச் செய்தார் என்று விநய பிடகம் சொல்கிறது. அதே பிடகத்தில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. இராஜகிருகத்தில் தபோதா என்னும் வெந்நீர் ஊற்றில் தலைமுழுக வந்த பிம்பிசார மன்னன், முன்னமே நீராடிக்கொண்டிருந்த பிக்ஷுக்கள் முடிக்கட்டும் என்று மரியாதையோடு காத்திருந்தான். அவர்கள் இருட்டும்வரை நீரை விட்டு எழவில்லை. பிறகு மன்னன் குளித்துத் திரும்பியபோது நகரத்தின் வாயில் அடைபட்டிருந்தது. தன் தலைநகருக்கு வெளியே படுத்துறங்கி மறுநாள் காலையில் புத்தரைத் தரிசிக்க வந்தான். விஷயம் கேட்ட புத்தர் அரைத் திங்களுக்கு ஒருமுறைக்கு மேல் நீராடலாகாது என்று விதித்தார். ஆனால் விதியோடு நிற்கவில்லை. வெயிற்காலத்தில் நீராடலாம், நோயுற்றவன் நீராடலாம், உழைத்தவனும் வழிநடந்தவனும் நீராடலாம், புழுதிக்காற்றும் மழையும் பட்டவன் நீராடலாம் என்று விலக்குகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அவர் வெந்நீரைக் குற்றம் சொல்லவில்லை. கரையில் ஒருவன் காத்திருக்கிறான் என்பதை மறந்ததுதான் குற்றம். அதுவும், காத்திருந்தவன் மன்னனாக இருந்ததனால் நமக்குக் கதை கிடைத்தது. வேறு யாராவதாக இருந்தால் பேசாமல் வீடு திரும்பியிருப்பான்.

என் நண்பரின் தாயாருக்கு இந்தக் கதைகள் எதுவும் தெரியாது. திருப்பாவை முப்பதும் தெரியும். எஸ்டிமேட் முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டு, இரண்டாவது குழியும் தோண்டி, தொட்டி ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை போயிருந்தேன். மார்கழி மாதம் முழுதும் தாம் அதில் இறங்கப்போவதில்லை, குழாய்த் தண்ணீரே போதும் என்று அந்த அம்மாள் தீர்மானித்திருந்தார்கள். மகனுக்கு அதில் கோபம். மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் சூடேற்றினால் போதுமென்றும், அந்த நாட்களில் எதிர்வீட்டு ஆச்சியும், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் மாமியாரும் தமக்குப் பின்னே முறைவைத்து உட்கார்ந்து போகட்டும், அவர்களுக்கும் இதே முட்டிவலிதான் என்றும் சொன்னார்கள். நண்பர் தயங்கினார். கௌரவக் குறைவு என்று சொல்ல வாய் வராமல், கரண்டு பில் என்ன ஆகும் என்று கேட்டார்.

அவர் கேள்விக்கு நானே கணக்குப் போட்டேன். வாளிக் குளியலில் ஆள் ஒன்று கூடினால் நீரும் கூடும், மின்சாரமும் கூடும். தொட்டியில் அப்படியில்லை, பதினான்கு யூனிட் செலவு நீருக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒருவர் உட்கார்ந்தாலும் அதே பதினான்கு, மூவர் முறைவைத்து உட்கார்ந்தாலும் ஆறிய சூட்டை ஈடுகட்ட இன்னும் சிறிது, அவ்வளவே. ஜப்பானில் வெளியே உடம்பைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு, ஒரே தொட்டி வெந்நீரில் குடும்பத்தார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அமிழ்கிற வழக்கம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. இதைச் சொன்னபோது நண்பர் திருப்தியடைந்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த அம்மாள் மட்டும், "முதல்ல குளிச்சுட்டு வந்து இறங்கச் சொல்றேன்ப்பா" என்று மகனுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, எர்த் குழிக்கு ஊற்றச் சொல்லி வேலையாளிடம் ஒரு குடம் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார்கள்.